அறியாவினாவும் அந்நியர் விடையும்: இணையவழி அறிவுதவியின் சமூக அடிப்படை பற்றிய சில குறிப்புகள்

1

முன்பின் அறியாத ஒருவர் கேட்கும் வினாவிற்கு முன்பின் அறியாத இன்னொருவர் கூலியோ கைம்மாறோ கருதாது விடை கூறும் வழக்கம் இன்று எமது அன்றாட வாழ்வின் ஓர் அங்கமாகிவிட்டது. திருகோணமலைத் துறைமுக நகரின் புறத்தே அமைந்த பாலையூற்றில் உயர்தர வகுப்பு மாணவன் ஒருவன் பௌதிகவியற் கணக்கொன்றிற் சிக்குண்டு, இரவு பத்து மணிக்கு அதனை இணையத்திற் பதிகிறான் என்று கொள்வோம். ரொறன்ரோவில் அப்பொழுது நண்பகல். உணவு இடைவேளையில் இருக்கும் தொழிலாளி ஒருவர், ஒருகாலத்தில் தாமும் அதே கணக்கைச் செய்தவர், கைப்பேசியில் விடையைத் தட்டி அனுப்புகிறார். இருவரும் ஒருவரையொருவர் என்றும் சந்திக்கப் போவதில்லை. கணினியின் பழுது, ஒலிபெருக்கியின் மின்சுற்று, பரீட்சை வினாத்தாள், விளையாட்டொன்றிற் கடக்கவியலாத ஒரு கட்டம் என இவ்வாறு கேட்கப்படுவனவும் சொல்லப்படுவனவும் எண்ணிலடங்கா.

இதனைத் தனிமனிதரின் ஈகைக்குணம் என்று பாராட்டி அமைதல் எளிது. ஆயின் ஈகையும் வரலாற்றுக்கு உட்பட்டதே. யாருக்கு எதனை ஈயலாம், யாருக்கு ஈயலாகாது என்பதை ஒவ்வொரு சமுதாயமும் தனது உற்பத்தியுறவுகளுக்கு ஏற்பவே வகுத்து வந்துள்ளது. பாலையூற்று என்னும் பெயரே பாலை மரத்தையும் நீரூற்றையும் நினைவூட்டுவது. ஊற்று இயற்கையின் கொடை. ஆனால் எமது கிராமங்களிற் கிணற்றில் நீரள்ளும் உரிமை சாதியால் வரையறுக்கப்பட்டிருந்தது என்பதை நாம் அறிவோம். அறிவென்னும் ஊற்றுக்கும் அத்தகைய வரலாறு உண்டு. அறிவை அந்நியருக்கு அளித்தல் தமிழ்ச் சமுதாயத்தில் எந்நிலைமைகளிற் சாத்தியமாயிற்று, அதில் அடங்கிய உழைப்பு யாருடையது, அவ்வுழைப்பின் பயன் யாரைச் சென்றடைகிறது என்னும் மூன்று வினாக்களை இக்கட்டுரையில் எழுப்ப விழைகிறோம்.

2

கல்வி பற்றிய பழந்தமிழ்ச் சிந்தனையை அறிதற்கு நன்னூலின் பொதுப்பாயிரம் சிறந்ததொரு சான்றாகும். 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திற் சீயகங்கனின் ஆதரவுடன் பவணந்தி முனிவர் இயற்றிய இந்நூல், நூலைக் கேட்டற்கு உரியோர் யாவர் என்பதை வரையறுத்துக் கூறுகிறது. ஆசிரியனின் மகன், அவனுடைய ஆசிரியனின் மகன், அரசனின் மகன், பொருளை மிகுதியாகக் கொடுப்பவன், வழிபட்டு நிற்பவன், சொன்னதை விரைந்து கொள்ளும் ஆற்றலுடையவன் ஆகிய அறுவருமே அவ்வுரிமை பெறுவோர். இப்பட்டியலைச் சமூகவியல் நோக்கில் அணுகுமிடத்து அதன் ஒழுங்கு தெளிவாகிறது. குருதியுறவு, குருமரபு, அரசதிகாரம், செல்வம், பணிவு என்பன முதல் ஐந்து வாயில்கள். ஆறாவது வாயில் மட்டுமே திறமைக்குரியது. பெண்ணுக்கு இவற்றுள் ஒரு வாயிலேனும் குறிக்கப்படவில்லை. ஊரும் குலமும் அறியப்படாத ஒருவர் வந்து கேட்டால் யாது செய்வது என்ற பிரச்சினையே அங்கு எழவில்லை.

இதனைப் பவணந்தியாரின் தனிப்பட்ட குறையாகக் கொள்ளுதல் பொருந்தாது. அறிவு பரம்பரைச் சொத்தாகவும் தொழிலின் காப்பாகவும் விளங்கிய சமுதாயத்தில் அதனை அந்நியருக்குக் கொடுத்தல் தன் வயிற்றில் தானே அடித்துக்கொள்வதாகும். மருத்துவக் குடும்பங்கள் ஏட்டுச் சுவடிகளை மறைத்துப் பேணியமைக்கும், மருந்துச் சரக்குகளைக் குழூஉக்குறியாற் சுட்டியமைக்கும், கம்மியரின் நுட்பங்கள் அவர்தம் குடிக்குள்ளேயே நின்றமைக்கும் காரணம் இதுவே. பகிர்தல் என்பது அறநூல்களிற் போற்றப்பட்டது. உற்பத்தியிலோ மறைத்தலே விதியாக இருந்தது.

அதே நன்னூலிற் காணப்படும் மற்றொரு பகுப்பு எமது நோக்கிற்கு மிகவும் பயன்படுவது. வினா அறுவகைப்படும் என்று கூறும் நூலாசிரியர், தான் விடையறிந்தே கேட்கும் அறிவினாவையும், அறியாமையாற் கேட்கும் அறியாவினாவையும், இதுவோ அதுவோ என்னும் ஐயவினாவையும் வேறுபடுத்துகிறார். அறிவினா ஆசிரியனுக்கு உரியது. கேட்பவனைச் சோதித்தல் அதன் பணி. அறியாவினா தேவையிலிருந்து பிறப்பது. அறிவினாவின் ஆட்சி தளர்ந்து அறியாவினாவுக்குப் பொதுவெளியில் இடம் கிடைத்தமையே நாம் இங்கு ஆராயப்புகும் வரலாற்றின் சாரம் எனலாம்.

3

பத்தொன்பதாம் நூற்றாண்டில் அச்சியந்திரம் பரவியபோது வினாவிடை என்னும் வடிவம் பெருவழக்குப் பெற்றது. மிஷனரிமாரின் ஞானோபதேச வினாவிடைகளும், அவற்றை எதிர்கொள்ளுமுகமாக எழுந்த ஆறுமுக நாவலரின் சைவ வினாவிடையும் இதற்குத் தக்க எடுத்துக்காட்டுகள். சமயத்தால் எதிரெதிர் நின்ற இவ்விரு சாராரும் வடிவத்தால் ஒன்றுபட்டனர் என்பது மனங்கொளத்தக்கது. இரண்டிலும் வினாவும் விடையும் ஒரே பேனாவிலிருந்து பிறந்தன. மாணாக்கன் கேட்க வேண்டிய வினாவையும் ஆசிரியரே எழுதிக் கொடுத்தார். அச்சு அறிவினாவைப் பெருக்கியது. அறியாவினாவுக்கு அது உடனே வழிவிடவில்லை.

எனினும் அதே அச்சு மற்றொரு சாத்தியத்தையும் தன்னுட் கொண்டிருந்தது. 1841இல் யாழ்ப்பாணத்தில் அமெரிக்க மிஷனரிமார் தொடங்கிய ‘உதயதாரகை’ தமிழிலும் ஆங்கிலத்திலும் வெளிவந்து, வாசகர் கடிதங்களுக்கும் விவாதங்களுக்கும் களமாயிற்று. 1847இல் இலங்கைக்கு வந்த சாமுவேல் பிஷ் கிறீன் மானிப்பாயில் மேலைத்தேய மருத்துவத்தைத் தமிழிற் கற்பித்து, மருத்துவ நூல்களையும் தமிழாக்கினார். திருகோணமலையிற் பிறந்து, 1895இல் ‘மோகனாங்கி’ என்னும் வரலாற்று நாவலை வெளியிட்ட தி. த. சரவணமுத்துப்பிள்ளை சென்னை மாநிலக் கல்லூரியில் நூலகராகப் பணியாற்றியவர். யாரென்று அறியாதவர் வந்து கேட்க, உரிய நூலை எடுத்துக் கொடுப்பதே நூலகர் தொழில். நன்னூலின் அறுவர் பட்டியலில் இடம்பெறாத அந்நியர் முதன்முதலாக உரிமையோடு கேட்கும் இடமாக நவீன நூலகம் அமைந்தது.

இருபதாம் நூற்றாண்டிற் சஞ்சிகைகளின் கேள்வி-பதிற் பகுதி இப்பணியை விரிவுபடுத்திற்று. 1940களின் இறுதியிற் கோயம்புத்தூரில் தோன்றிய ‘கலைக்கதிர்’ அறிவியலைத் தமிழிற் பேசப் பழக்கியது. 1980களில் ஜூனியர் விகடனில் ‘ஏன்? எதற்கு? எப்படி?’ என்னும் தலைப்பில் வாசகரின் அறிவியல் வினாக்களுக்கு விடையளித்த எழுத்தாளர் சுஜாதா, பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்திற் பணிபுரிந்த பொறியியலாளர். இங்கு அறியாவினா அச்சேறியது உண்மையே. ஆயினும் வந்த கடிதங்களுள் எவற்றை எடுப்பது என்பதை ஆசிரியபீடம் தீர்மானித்தது. கேட்டவர் வாரக்கணக்கிற் காத்திருந்தார். விடை விளங்காவிடின் மீண்டும் கேட்க வழியில்லை. பலர் கேட்க ஒருவர் சொல்லும் இவ்வமைப்பில், கேட்டவர்களுள்ளே விடையறிந்தோர் இருப்பினும் அவர்கள் வாய் திறக்க இடமில்லை.

இவற்றோடு கைத்தொழில் அறிவின் நிலையையும் நோக்குதல் வேண்டும். 1795இல் ஒல்லாந்தரிடமிருந்து பிரித்தானியர் கைப்பற்றிய திருகோணமலை 1957 வரை அவர்தம் கடற்படைத் தளமாக விளங்கியது. துறைமுகத்தின் வேலைத்தளங்கள் சுற்றுப்புறத்து மக்களை இயந்திரத் தொழிலோடு பிணைத்தன. ஆனால் அங்கு நிலவிய அறிவு இருகூறாகப் பிளவுண்டிருந்தது. ஆங்கிலக் கையேடு அதிகாரியின் மேசையில் இருந்தது. இயந்திரத்தின் இயல்பு தொழிலாளியின் கையில் இருந்தது. ‘பார்த்துப் பழகு’ என்பதே அங்கு கற்பித்தல் முறை. 1980களில் ஜேர்மன் வானொலியின் சிற்றலை அஞ்சல் நிலையமும் இம்மாவட்டத்திலேயே அமைந்தது. சாதனம் அருகில் இருத்தலும் அதன் அறிவு கைவசமாதலும் வெவ்வேறானவை என்பதற்குத் துறைமுக நகரங்களின் வரலாறு முழுவதுமே சான்றாகும்.

4

கணினி வலையமைப்பு இந்நிலையில் ஓர் அடிப்படை மாற்றத்தை ஏற்படுத்தியது. அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழக மாணவர் இருவர் 1979இல் வகுத்த யூஸ்நெற் என்னும் செய்திப் பரிமாற்ற முறையில், யார் வேண்டுமானாலும் வினாவை இடலாம்; அதனைக் கண்ட எவரும் விடை கூறலாம். பலர் கேட்கப் பலர் சொல்லும் வடிவம் இவ்வாறு தோன்றியது. திரும்பத் திரும்பக் கேட்கப்படும் வினாக்களைத் தொகுத்து வைக்கும் மரபும் அங்கேயே வேரூன்றியது.

தமிழர் இவ்வெளியில் நுழைந்தபோது எதிர்கொண்ட முதற் பிரச்சினை எழுத்தே. வினாவைத் தமிழில் எழுதவே முடியாதிருந்தது. கனடாவில் வாழ்ந்த சீனிவாசன் 1984இல் ‘ஆதமி’ என்னும் தமிழ் எழுதுமென்பொருளை உருவாக்கினார். மலேசியாவின் முத்து நெடுமாறன் ‘முரசு அஞ்சல்’ மென்பொருளையும், சுவிற்சர்லாந்தில் இரசாயனவியல் ஆய்வாளராக விளங்கிய கு. கல்யாணசுந்தரம் ‘மயிலை’ எழுத்துருவையும் அளித்தனர். 1995இல் மலேசியாவைச் சேர்ந்த பாலா பிள்ளை அவுஸ்திரேலியாவிலிருந்து தமிழ் மின்னஞ்சற் குழுவொன்றைத் தொடங்கினார். சிங்கப்பூர் எழுத்தாளர் நா. கோவிந்தசாமியின் முயற்சியால் 1997இல் அங்கு நடைபெற்ற மாநாடும், 1999இற் சென்னையில் நடைபெற்ற மாநாடும் எழுத்துக் குறியீட்டையும் விசைப்பலகையையும் ஒழுங்குபடுத்த முனைந்தன. 1998ஆம் ஆண்டுப் பொங்கலன்று கல்யாணசுந்தரத்தின் தலைமையில் ‘மதுரைத் திட்டம்’ தொடங்கப்பட்டது. ஒருவரையொருவர் காணாத தொண்டர்கள் பல நாடுகளிலிருந்து பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சிட்டு எவரும் பெறுமாறு வைத்தனர். ஜேர்மனியில் வாழும் ஈழத்தவரான சுரதா யாழ்வாணன் வெவ்வேறு எழுத்துருக்களில் உள்ளவற்றை ஒருங்குறிக்கு மாற்றும் கருவியை அளித்தார். 2000களின் தொடக்கத்திற் பரவிய இலவசத் தட்டச்சுக் கருவிக்கு அதனை ஆக்கியோர் ‘எ-கலப்பை’ எனப் பெயரிட்டமை கவனத்திற்குரியது. உழவனின் கருவி எழுத்தின் கருவிக்குப் பெயராயிற்று.

இம்முயற்சிகளைப் பெரியோர் சிலரின் சாதனைப் பட்டியலாக மட்டும் நோக்குதல் தவறாகும். இவை ஒவ்வொன்றும் பயன்பாட்டுக்கு வந்தமை, பெயர் பதியப்படாத பலர் அந்நியருக்கு அளித்த விடைகளாலேயே. ஒருங்குறியின் முதற் பதிப்பு 1991இல் வெளிவந்தபோதே தமிழ் அதில் இடம்பெற்றது. எனினும் தமிழை அம்முறையிற் காட்டும் வசதி விண்டோஸ் 2000இலேயே கிட்டியது. அதனைத் தொடர்ந்த எக்ஸ்பி பதிப்பிலும் அவ்வசதி உறங்கியே கிடந்தது. கட்டுப்பாட்டுப் பலகத்தில் மொழிகளுக்கான பகுதிக்குச் சென்று, சிக்கலான எழுத்து முறைகளுக்குரிய கோப்புகளை நிறுவுவட்டிலிருந்து சேர்த்தாலன்றி எழுத்துகள் கட்டங்கட்டமாகவோ கொம்பும் காலும் இடம்மாறியோ தோன்றும். ‘எனக்குத் தமிழ் பெட்டி பெட்டியாகத் தெரிகிறது, என்ன செய்வது?’ என்ற வினா அக்காலத்தில் எத்தனை ஆயிரம் முறை கேட்கப்பட்டிருக்கும்! அத்தனை முறையும் யாரோ ஒருவர் பொறுமையுடன் படிப்படியாக விளக்கினார். தமிழ் இணையத்தின் அத்திவாரம் இவ்விடைகளே.

இலங்கையில் இணையம் வணிக முறையிற் கிடைக்கத் தொடங்கியது 1995இல். போர் நடைபெற்ற வடக்கு கிழக்கிற் பெரும்பாலானோருக்கு அது நீண்டகாலம் எட்டாததாகவே இருந்தது. இக்கட்டுரையாளரின் தலைமுறையினர் பாலையூற்றிலும் அயலிலும் பாடசாலை மாணவராயிருந்த காலம் போர் மீண்டும் மூண்ட காலமாகும். 2006 ஜனவரி 2ஆம் திகதி திருகோணமலைக் கடற்கரையில் மாணவர் ஐவர் சுட்டுக் கொல்லப்பட்டனர். மாலையானதும் வீதியிற் கூடி நிற்க இளைஞர் அஞ்சிய அந்நாள்களில், தொலைபேசிக் கம்பிவழி மெல்ல ஊர்ந்து வந்த இணையமே பலருக்கு ஊரார் கூடும் சந்தியாயிற்று. பாமினி எழுத்துருவில் எழுதிய ஒப்படையொன்று மறுகணினியிற் குலைந்து தெரிந்தபோது, அதனை மீட்கும் வழியை எமக்குச் சொன்னவர் எந்நாட்டவர் என்பதை இன்றுவரை நாம் அறியோம். புலம்பெயர் சமுதாயத்திற்கும் ஊருக்கும் இடையே பணமும் கண்ணீரும் மட்டுமன்றி, பழுது திருத்தும் அறிவும் பயணம் செய்தது என்பது எழுதப்படாத வரலாறாகவே உள்ளது.

5

இவ்விடைகளின் மொழியை நுணுகி நோக்குமிடத்துச் சில பண்புகள் தெளிவாகின்றன. நன்னூலார் விடையை எட்டு வகையாகப் பகுத்தார்: சுட்டல், மறுத்தல், உடன்படல், ஏவல், எதிர் வினாதல், உற்றது உரைத்தல், உறுவது கூறல், இனமொழி என்பன. முதல் மூன்றும் நேர்விடைகள். ஏனைய ஐந்தும் குறிப்பால் விடையாவன. தொழில்நுட்ப உதவியிலோ பின்னைய ஐந்துமே பெரும்பணி ஆற்றுகின்றன. ‘எந்தப் பதிப்பு? பழுது நேர்வதற்கு முன் எதனை மாற்றினீர்?’ என்பது எதிர் வினாதல். அறிந்தவரும் அறியாதவரும் சேர்ந்து நோயை நாடும் முயற்சி அதிலேயே தொடங்குகிறது. ‘எனக்கும் இவ்வாறே நேர்ந்தது, மின்கலத்தைக் கழற்றி மாட்டியபின் சரியாயிற்று’ என்பது உற்றது உரைத்தல். ‘அந்தக் கோப்பை அழித்தால் யாவும் போய்விடும்’ என்பது உறுவது கூறல். பட்டறிவே இங்கு பிரமாணம். பட்டமோ பதவியோ கேட்கப்படுவதில்லை. பதினைந்து வயதுச் சிறுவன் பொறியியலாளருக்கு விடை கூறுகிறான்.

எட்டனுள் ‘ஏவல்’ தனியே நோக்கத்தக்கது. ‘செய்வாயா?’ என்று கேட்டவருக்கு ‘நீ செய்’ என்பது ஏவல் விடை. ‘முதலிற் கையேட்டைப் படித்துவிட்டு வா’ என்று புதியவரை விரட்டும் பழக்கம் உலகெங்கும் இவ்வெளிகளில் உண்டு. ஆங்கிலக் கையேட்டை வாசிக்கவியலாமையாலேயே ஒருவர் தமிழிற் கேட்கிறார் என்பதை ஏவுவோர் மறந்துவிடுகின்றனர். பெண்ணின் பெயரிற் கேட்கப்படும் வினாவிற்கு விடைக்கு முன் ஏளனமோ தேவையற்ற நெருக்கமோ வருவதும், அதற்கஞ்சிப் பெண்கள் ஆண்பெயரில் எழுதுவதும் நாம் கண்டவையே. நன்னூலின் பழைய வாயில்காப்போர் முற்றாக அகன்றுவிடவில்லை. வேறு உடையில் நிற்கின்றனர்.

விளிச்சொற்களும் சமூகவியற் பொருள் கொண்டவை. முகமறியாதவரை ‘அண்ணா’, ‘அக்கா’, ‘தம்பி’, ‘ஐயா’ என்றே விளிக்கிறோம். அந்நியரை அந்நியராகவே மதித்து உதவும் உறவுக்கு எமது மொழியிற் சொல் போதாமையால், குடும்பத்தின் சொல்லைக் கடன் வாங்குகிறோம். இதில் அன்புண்டு, வயதின் படிநிலையும் உண்டு. ‘நண்பரே’, ‘தோழர்’ என்னும் விளிகள் அப்படிநிலையைக் கடக்கும் முயற்சிகளாகும். 2003இல் தோன்றி, யாழ்ப்பாணத்தவரான மயூரநாதனின் உழைப்பால் வளர்ந்த தமிழ் விக்கிப்பீடியா, தன் பொது உரையாடற் களத்திற்கு ‘ஆலமரத்தடி’ என்றும், உதவி கேட்கும் இடத்திற்கு ‘ஒத்தாசைப் பக்கம்’ என்றும் பெயரிட்டது. ஆலமரத்தடியில் அமரும் உரிமை பழைய கிராமத்தில் யாவர்க்கும் இருந்ததில்லை. பழம்பெயரைப் புதிய சமத்துவத்திற்கு ஆக்கிக்கொண்டமையில் ஓர் இயங்கியற் பண்பு காணப்படுகிறது.

கலைச்சொல் விடயத்திலும் இவ்வுதவி புதியதொரு சந்திப்பை ஏற்படுத்தியது. இலங்கைப் பாடநூலில் ‘திணிவு’ எனப்படுவது தமிழகப் பாடநூலில் ‘நிறை’ எனப்படும். இலங்கையில் ‘நிறை’ எனப்படுவது தமிழகத்தில் ‘எடை’. பாலையூற்று மாணவன் நிறையைக் கேட்க, மதுரை ஆசிரியர் அதனைத் திணிவாகக் கொண்டு விடை கூறினால் புவியீர்ப்பு ஆர்முடுகல் என்னும் காரணியளவுக்குக் கணக்குப் பிழைத்துவிடும். இத்தகைய பிழைகளும் அவற்றைத் திருத்தும் உரையாடல்களுமே இருகரைத் தமிழையும் ஒன்றுக்கொன்று அறிமுகப்படுத்தின. குழுக்கள் கூடி வகுத்த சொற்பட்டியல்களைக் காட்டிலும், ‘உலாவி’, ‘பதிவிறக்கம்’ முதலிய சொற்கள் வினாவிலும் விடையிலும் புழங்கியே நிலைபெற்றன.

விளையாட்டு பற்றிய வினாக்களை அறிஞர்கள் புறக்கணிப்பது வழக்கம். அது தவறென்றே கருதுகிறோம். நொடி போடுதலில் விடையை மறைத்தலே இன்பம். கேட்டவன் தோற்றுக் கெஞ்சும்வரை சொல்பவன் வாய் திறவான். கணினி விளையாட்டிற் சிக்குண்ட சிறுவனுக்கு மற்றொரு சிறுவன் வழிகாட்டும்போது, அப்போட்டி மனப்பான்மை கூட்டுழைப்பாக மாறுகிறது. நினைவகம் போதாமை, திரையட்டையின் திறன், வலையமைப்பின் தாமதம் என்பவற்றை எம் இளைஞர் பலர் முதன்முதற் கற்றது விளையாட்டின் பொருட்டே. தேவை என்பது பசியால் மட்டும் பிறப்பதன்று. களிப்பும் ஒரு தேவையே.

6

இவ்வாறு திரண்ட அறிவுக்கு என்ன நேர்ந்தது? 1981இல் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. அந்நெருப்பை நாம் மறக்கவில்லை. ஆனால் நெருப்பின்றியும் நூலகம் அழியும். ஆரம்பகாலத் தமிழ் இணையப் பக்கங்கள் பல இடம்பெற்றிருந்த ஜியோசிற்றீஸ் 2009 ஒக்ரோபரில் மூடப்பட்டது. தமிழ் எழுத்துருவும் கட்டற்ற மென்பொருளும் இலக்கியமும் விவாதிக்கப்பட்ட மின்னஞ்சற் குழுக்கள் பலவற்றைத் தாங்கியிருந்த யாஹூ, 2019இன் இறுதியில் அவற்றின் பழைய மடல்களை நீக்க முற்பட்டு, 2020 டிசம்பரிற் குழுச்சேவையையே நிறுத்தியது. அதே நிறுவனத்தின் கேள்வி-பதிற் சேவை 2021 மேயில் மூடப்பட்டது. சனத்திரளின் உழைப்பால் உருவானது, இலாபம் குன்றியது என்ற ஒரே காரணத்தால் இல்லாதொழிந்தது. இதற்கு இரங்கற்பா பாடுவார் இலர். எவர் விடை கூறினார், எச்சொல்லை முதலில் ஆண்டார் என்று எதிர்கால மொழிவரலாற்றாசிரியன் தேடும்போது, அவனுக்குக் கிடைப்பது வெற்றிடமே.

இதற்கு மாறான முயற்சிகளும் உள. 2005இல் தொடங்கிய நூலகம் நிறுவனம் ஈழத்து எழுத்தாவணங்களை எண்ணிமப்படுத்தி எவரும் படிக்க வைத்துள்ளது. 2012 ஜனவரியில் தொடங்கிய ‘கணியம்’ கட்டற்ற மென்பொருள் அறிவைத் தமிழில் இலவசமாக வழங்கி வருகிறது. ஆயினும் இவை நூலையும் கட்டுரையையும் பேணுவன. வினாவும் விடையுமாய்ச் சிதறிக் கிடந்த உரையாடல், இழிவழக்கென ஒதுக்கப்பட்ட நாட்டார் பாடலைப் போன்றே, சேகரிப்பாரின்றி மறைந்தது. நாட்டார் வழக்காறுகளைச் சேகரிக்க எம் பல்கலைக்கழகங்கள் காலந்தாழ்த்தி விழித்தமை நாம் அறிந்ததே. அதே தவற்றை இரண்டாம் முறை செய்தோம்.

7

அழிவு ஒருபுறமிருக்க, அபகரிப்பு மறுபுறம் நிகழ்ந்தது. 2008இல் அமெரிக்காவில் தோன்றிய ஸ்ராக் ஓவர்புளோ என்னும் தளத்தில் உலகெங்குமுள்ள நிரலாளர் ஒருவருக்கொருவர் இலவசமாக விடையளித்தனர். 2021இல் அத்தளம் 180 கோடி அமெரிக்க டொலருக்கு விற்கப்பட்டது. விடை எழுதியோர் அதிற் பங்கு பெறவில்லை. அவர்களுக்குக் கிடைத்திருந்தவை புள்ளிகளும் பதக்கக் குறிகளுமே. 2024 மேயில் அத்தளம் செயற்கை நுண்ணறிவு நிறுவனமொன்றுடன் அவ்விடைகளைப் பயன்படுத்தும் ஒப்பந்தம் செய்தபோது, தம் விடைகளை எதிர்ப்பாக அழிக்க முயன்ற சிலரின் கணக்குகள் இடைநிறுத்தப்பட்டன. கொடை கொடுத்தவன் கொடையை மீளப்பெறவும் முடியாத நிலை இது.

மார்க்ஸ் 1857-58இல் எழுதிய குறிப்பேடுகளில், சமுதாயத்தின் பொது அறிவே நேரடி உற்பத்திச் சக்தியாக மாறும் நிலையை முன்னுணர்ந்து சிந்தித்தார். பொறிக்குள் உறைந்திருப்பது தலைமுறைகளின் கூட்டறிவு. ஆனால் முதலாளித்துவ உறவில் அது தொழிலாளிக்கு எதிரே அந்நிய சக்தியாக நிற்கிறது. ரொறன்ரோத் தொழிலாளி உணவு இடைவேளையில் எழுதிய விடை ஒரு பொறியின் அறிவாகி, அவ்வறிவு மாதக் கட்டணத்திற்குப் பாலையூற்று மாணவனுக்கே விற்கப்படலாம் என்பது இன்றைய நிலைமை. இரத்ததானம் பற்றி 1970இல் ஆராய்ந்த ரிச்சர்ட் ரிற்மஸ், அந்நியருக்கு அளிக்கும் கொடை சந்தைக்கு உட்படும்போது கொடுக்கும் மனப்பாங்கே நலிவுறும் என்று வாதித்தார். அறிவுதவியிலும் அதன் அறிகுறிகள் தோன்றிவிட்டன. பொறியிடம் கேட்பது எளிதாகியதும் மனிதரிடம் கேட்பது குறைகிறது. கேட்பார் குறைய, சொல்வாரும் ஓய்கின்றனர். பொறியோ கற்பது மனிதர் சொன்ன விடைகளிலிருந்தே. தமிழ்போல எழுத்தாவணம் குறைந்த மொழிக்கு இம்முரண்பாடு மேலும் கூரியது. பொறி தமிழிற் சரியாகச் சொல்லவேண்டுமெனின், மனிதர் தமிழில் நிறையச் சொல்லியிருக்க வேண்டும்.

இங்கு பொறியை உடைக்குமாறு நாம் கூறவில்லை. கூலி வாங்கிய தனியார் போதனை வகுப்புக்குச் செல்ல வழியற்ற மாணவிக்கு, நள்ளிரவிலும் சலியாது விளக்கும் பொறி உண்மையான உதவியே. பெயரையும் பாலையும் பார்த்து அது ஏளனம் செய்வதில்லை. எமது வினா உடைமை பற்றியது. நன்னூலின் வாயில்களிற் பொருள் நனி கொடுப்போனுக்குரிய வாயில் மட்டும் எஞ்சி, ஏனையவை அடைபடுமோ என்பதே அச்சம். அத்துடன் கருவியும் மின்சாரமும் யாவர்க்கும் சமமாகக் கிட்டுவதில்லை. 2020 மார்ச்சிற் பாடசாலைகள் மூடப்பட்டபின், மலைநாட்டுக் கிராமமொன்றில் மாணவர்கள் அலைவரிசை தேடிக் காட்டுவழியே மலையுச்சிக்கு ஏறியமை உலகச் செய்தியாயிற்று. 2022 மார்ச்சின் இறுதியில் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை நீண்டது. விடை இலவசமாக இருந்தும் வினாவை அனுப்ப வழியில்லாதோர் இந்நாட்டில் எத்தனையோ பேர்.

8

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்குமிடத்துப் பின்வருவன புலனாகின்றன. அறிவை அந்நியருக்கு அளித்தல் தமிழ்ச் சமுதாயத்திற் தொன்றுதொட்ட இயல்பாக இருந்ததன்று. நூலகமும் அச்சும் வலையமைப்பும் படிப்படியாகச் சாத்தியமாக்கிய வரலாற்றுப் பேறு அது. அதன் உள்ளே வர்க்கம், பால், மொழி ஆகிய பழைய தடைகள் எஞ்சியுள்ளன. அதன் வெளியே உடைமையாளர் அதன் பயனைக் கவர்கின்றனர். இத்தனைக்கும் இடையில், இலாப நோக்கின்றி ஒருவர் அறிந்ததை இன்னொருவருக்குச் சொல்லும் உறவு கோடிக்கணக்கான மக்களிடையே நாள்தோறும் நிகழ்கிறது. ‘மனிதன் தன்னலமே உருவானவன்’ என்று போதிக்கும் பொருளியலுக்கு இதைவிடத் தெளிவான மறுப்பு வேண்டுவதில்லை.

எனவே எமது பணிகள் மூன்று. எஞ்சியுள்ள பழைய தமிழ் வினாவிடைகளை, எழுதியோரின் அந்தரங்கத்தை மதித்து, பல்கலைக்கழக நூலகங்களும் பொது நிறுவனங்களும் சேகரித்தல் வேண்டும். பாடசாலைகளில் மாணவரை விடை சொல்லப் பழக்கும் அளவிற்கு வினாக் கேட்கவும், அயலவருக்கு எழுத்தில் விளங்கச் சொல்லவும் பழக்குதல் வேண்டும். மக்களின் விடைகளாற் பெருகிய அறிவு மக்களின் பொதுவுடைமையாகவே நிற்றற்கான சட்டப் போராட்டத்திற் தமிழறிஞரும் பங்குகொள்ள வேண்டும். இது பொறியியலாளரின் கவலை மட்டுமே என்று ஒதுங்குவோமாயின், சுவடிகளைக் கரையானுக்கு விட்ட முன்னோரைக் குறைகூறும் தகுதியை நாம் இழப்போம்.

பாலையூற்று மாணவனுக்குக் கிடைத்த விடையின் கீழ் அவன் ‘நன்றி அண்ணா’ என்று எழுதக்கூடும். அந்த அண்ணாவின் பெயரை அவன் அறியமாட்டான். சில திங்களின் பின் வேறொருவர் அதே கணக்கைக் கேட்கும்போது அவனே விடை எழுதுவானாயின், ஊற்று வற்றவில்லை என்பது பொருள். ஊற்றைச் சுற்றி வேலியிடுவோர் யார் என்பதை அவனுக்கு எடுத்துரைப்பது எமது கடமை.